அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்: மயக்க மருந்து பற்றி நோயாளிகள் கேட்க வேண்டியவை, சொல்ல வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தான பிறகு பலருடைய தூக்கத்தைக் கெடுப்பது மயக்க மருந்து பற்றிய பயம்தான். புண் ஆறிவிடும், தையலைப் பிரித்துவிடுவார்கள் என்று அறுவையை ஏற்றுக்கொண்டுவிட்ட மனம், நினைவின்றிக் கிடக்கப்போகும் ஒன்றிரண்டு மணி நேரத்தை எண்ணியதும் தடுமாறுகிறது. கண் திறப்பேனா, பாதியில் விழித்துவிடுவேனா, முதுகில் ஊசி போட்டுக்கொண்டால் காலமெல்லாம் இடுப்பு வலிக்குமா, மயக்கத்தில் எதையாவது உளறிவிடுவேனா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. இவற்றை உறவினரிடமும் பக்கத்துப் படுக்கைக்காரரிடமும் கேட்டுப் பயத்தைப் பெருக்கிக்கொள்பவர்கள்தாம் அதிகம். கேட்க வேண்டியவரோ மயக்கவியல் மருத்துவர்.

அவர் ஊசியைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவார் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. அது தவறு. மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு மயக்கவியலைத் தனித் துறையாகப் படித்துத் தேர்ந்தவர் அவர். முதல் மருந்து உடம்பில் ஏறும் கணத்திலிருந்து நீங்கள் கண் விழித்து மூச்சு சீராகும் வரை அவரோ அவருடைய குழுவினரோ உங்கள் தலைமாட்டிலேயே இருப்பார்கள். அறுவை மருத்துவரின் கவனம் அறுக்கும் இடத்தில் பதிந்திருக்கும் நேரம் முழுவதும் உங்கள் மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, உடல் வெப்பம் ஆகியவற்றைக் கண்காணித்து, மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வருபவர் அவர்தான். ஆகவே அறுவைக்கு முன் அவரைச் சந்திக்கக் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடங்களை வீணாக்காதீர்கள். அந்தச் சந்திப்பில் நீங்கள் கேட்பவை மனத்துக்கு ஆறுதல் தரும். மறைக்காமல் சொல்பவை உயிரையே காக்கும்.

எந்த வகை மயக்கம் என்று கேளுங்கள்

பேச்சுவழக்கில் ஒரே சொல்லால் ‘மயக்கம்’ என்று நாம் குறிப்பிட்டாலும், உண்மையில் அதில் பல முறைகள் அடங்கியுள்ளன. முழு மயக்கத்தில் நினைவு முற்றிலும் நீங்கும்; பெரும்பாலும் தொண்டைக்குள் ஒரு குழாயை வைத்து மூச்சைப் பராமரிப்பார்கள். முதுகில் போடும் ஸ்பைனல் ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், நினைவு இருக்கும். எபிடியூரல் முறையில் மிக மெல்லிய குழாய் ஒன்றை முதுகில் விட்டுவைத்துத் தேவைப்படும்போதெல்லாம் மருந்து செலுத்தலாம் என்பதால், அது நீண்ட அறுவைகளுக்கும் பிரசவ வலிக்கும் ஏற்றது. கைக்கோ காலுக்கோ செல்லும் நரம்புகளைச் சுற்றி மருந்து செலுத்தி அந்த உறுப்பை மட்டும் மரக்கச் செய்வதை மருத்துவமனைகளில் ‘பிளாக்’ என்பார்கள். எண்டோஸ்கோபி போன்றவற்றுக்கு அரைத்தூக்க நிலையே போதும்.

எனக்கு எந்த முறை, ஏன் அந்த முறை, வேறு வழி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். முழு மயக்கம் ஆபத்து, முதுகு ஊசி பாதுகாப்பு என்றோ, அதற்கு நேர்மாறாகவோ பொதுவாகச் சொல்லிவிட முடியாது. செய்யப்போகும் அறுவை எது, உங்கள் இதயமும் நுரையீரலும் எந்த நிலையில் இருக்கின்றன, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா என்பவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தே முடிவெடுப்பார்கள். அரைத்தூக்க நிலை என்று சொன்னால், அதில் பேச்சுக்குரலோ தொடுஉணர்வோ தெரியுமா என்று கூடவே கேட்டுவிடுங்கள். முழுத் தூக்கம் என்று நினைத்துப் போனவர், நடுவில் குரல்கள் கேட்டதும் ஏதோ தவறு நடந்துவிட்டதாக அஞ்சுவது உண்டு. முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பயம் வராது.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

“உங்களுக்கோ இரத்த உறவினர் யாருக்கோ மயக்க மருந்தால் சிக்கல் வந்ததுண்டா?” என்று மருத்துவர் கேட்பார். ‘தெரியாது’ என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. சந்திப்புக்கு முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை விசாரித்துவிட்டுப் போவது நல்லது. மயக்க மருந்தால் தூண்டப்படும் வீரியமிக்க காய்ச்சல் நிலை ஒன்று (மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா) சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. அந்த மரபணு மாற்றம் உள்ளவர்கள் மற்ற நாள்களில் முழு ஆரோக்கியத்துடன் இருப்பார்கள். சுவாசத்தின் வழியாகக் கொடுக்கும் சில மயக்க வாயுக்களோ சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தியோ பட்டதும் தசைகள் இறுகி, உடல் வெப்பம் தாறுமாறாக ஏறி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். டான்ட்ரோலின் என்ற முறிமருந்து இதற்கு உண்டு. ஆனால் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அந்த மருந்துகளை அறவே தவிர்த்துப் பாதுகாப்பாக மயக்கம் கொடுக்கலாம். வேறு சில குடும்பங்களில், சக்சினைல்கோலினைச் சிதைக்கும் நொதி குறைவாக இருக்கும். சில நிமிடங்களில் தெளிய வேண்டிய தசைத்தளர்ச்சி மணிக்கணக்கில் நீடிக்கும். ‘சித்தப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தும் வெகுநேரம் மூச்சு வரவில்லையாம், மெஷினில் வைத்திருந்தார்களாம்’ என்று வீட்டில் எப்போதோ பேசிக்கொண்ட ஒரு வரி, மருத்துவருக்கு ஒரு இரத்தப் பரிசோதனையைவிடப் பெரிய துப்பாக இருக்கலாம்.

மாத்திரைகளின் பெயரை நினைவிலிருந்து சொல்ல முயலாமல், எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதில் பொதுவிதி கிடையாது. நீங்களாகவே முடிவு செய்வதுதான் ஆபத்து. இதயத்துக்காகவோ இரத்த அழுத்தத்துக்காகவோ அட்டினோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகளை நெடுநாளாக எடுத்துவருபவர்கள் அவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் அறுவை அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீருடன் விழுங்கச் சொல்வார்கள். பெயர் ‘பிரில்’ என்றோ ‘சார்ட்டன்’ என்றோ முடியும் இரத்த அழுத்த மாத்திரைகளையோ, மயக்கத்தின்போது அழுத்தம் மிகவும் இறங்கிவிடக்கூடும் என்பதால், முந்தைய நாளே நிறுத்தச் சொல்வது வழக்கம். நீரிழிவுக்கான மாத்திரைகளில் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவற்றை 3 நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இல்லையென்றால் சர்க்கரை அளவு சரியாக இருப்பதுபோல் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடக்கூடும். உடல் எடைக்காகவோ நீரிழிவுக்காகவோ செமாகுளூட்டைட் வகை ஊசி போடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், முறைப்படி பட்டினி கிடந்தவரின் வயிற்றிலும் உணவு தங்கியிருக்க வாய்ப்புண்டு. இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்துகள், ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, மூலிகைப் பொடி, சத்து மாத்திரை, எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். ‘இயற்கை மருந்துதானே’ என்று விட்டுவிடக் கூடாது; பூண்டுச் சாறு மாத்திரையும் ஜின்கோ என்ற மூலிகையும்கூட இரத்தப்போக்கைக் கூட்டக்கூடும்.

அடுத்து, சொல்லக் கூச்சப்படும் செய்திகள். புகைபிடிப்பவர் அதைச் சொல்வதோடு அன்றே நிறுத்தவும் வேண்டும். ஒரே நாள் நிறுத்தினாலும் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு குறைந்து ஆக்சிஜன் கூடுதலாகச் சேரும். 4 வாரங்களுக்கு மேல் நிறுத்தினால் நுரையீரல் சிக்கல்களும் புண் ஆறுவதில் வரும் கோளாறுகளும் குறையும். நாள்தோறும் அதிகமாக மது அருந்துபவர், அளவைக் குறைத்துச் சொன்னால் துன்பம் அவருக்குத்தான். மருத்துவமனையில் இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கிப் பிதற்றத் தொடங்கும்போது, அது மது கிடைக்காததால் வந்ததா, மூளைக்கு ஏதாவது ஆனதா என்று மருத்துவர்கள் திணற நேரிடும். முன்பே தெரிந்தால் அதைத் தடுக்க மருந்து இருக்கிறது. கஞ்சாவோ வேறு போதைப்பொருளோ எடுப்பதையும், கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு இருப்பதையும் வீட்டாரின் முன்னால் சொல்ல முடியவில்லை என்றால், “மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்” என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வாயைத் திறக்கச் சொல்லி, கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லி அவர் பரிசோதிப்பது குழாய் வைப்பது எளிதா கடினமா என்று கணிக்கத்தான். ஆடும் பல், பல்லில் போட்ட உறை, கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் அப்போதே காட்டுங்கள். உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் சொல்லுங்கள். இதை நோயாளியைவிட அவருடன் ஒரே அறையில் உறங்குபவர்தான் சரியாகச் சொல்வார். அதற்காக இரவில் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சீபேப் கருவி பயன்படுத்துபவர்கள் அதை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வாமையைச் சொல்லும்போது மருந்தின் பெயருடன் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். மாத்திரை போட்டதும் வயிறு புரட்டியது என்பதும், உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது என்பதும் வேறு வேறு செய்திகள். மயக்கத்தின்போது ஏற்படும் கடுமையான ஒவ்வாமை ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு வருவதாக பிரிட்டனில் 2018இல் வெளிவந்த தேசிய ஆய்வு கண்டறிந்தது. அதில் முதலிடம் பிடித்த காரணம் ஆன்டிபயாட்டிக் மருந்துகளே என்பதைப் பலர் அறிவதில்லை.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் அறுவை தள்ளிப்போய்விடுமே என்று மறைப்பவர்களும் உண்டு, குறிப்பாகக் குழந்தைகளின் பெற்றோர்கள். சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழாய் எளிதில் இறுகிக்கொள்ளும். சில வாரங்கள் பொறுப்பதால் இழப்பொன்றும் இல்லாத அறுவையாக இருந்தால் பொறுத்துக்கொள்வதே நல்லது.

வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான்

விழித்திருக்கும்போது உணவோ நீரோ மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் உடனே புரையேறி இருமுகிறோம். மயக்கத்தில் அந்த இருமல் வராது. இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால், அமிலத்தால் நுரையீரல் வெந்ததுபோல் ஆகிவிடும். முதுகு ஊசிதானே என்று இதில் சலுகை எடுத்துக்கொள்ளவும் கூடாது, ஏனெனில் தேவைப்பட்டால் நடுவில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டியிருக்கும்.

பெரும்பாலான மருத்துவமனைகள் பின்பற்றும் கணக்கு இது: எளிய உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவுக்கு 8 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தண்ணீர் போன்ற தெளிந்த நீருக்கு 2 மணி நேரம். பால் கலந்த தேநீரும் காப்பியும் நீர்போல் இருந்தாலும் கணக்கில் பாலாகவே சேரும். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆனால் முந்தைய இரவிலிருந்து ஒரு சொட்டு நீரும் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால், எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தேவையில்லாமல் நெடுநேரம் தாகத்துடன் கிடப்பதால் தலைவலியும் குமட்டலும்தான் கூடும். சிறு குழந்தைகள் வாடிப்போய்விடுவார்கள்.

காலையில் பழக்கத்தின் காரணமாக அரை டம்ளர் காப்பி குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து “எதுவும் சாப்பிடவில்லை” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்வதில்லை. விடுப்பு எடுத்தாகிவிட்டது, துணைக்கு ஆள் வந்தாகிவிட்டது, இத்தனைக்கும் பிறகு அறுவையை ஒத்திவைத்துவிடுவார்களே என்ற கவலைதான். தவறிக் குடித்துவிட்டால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று அப்படியே சொல்லிவிடுங்கள். பல நேரங்களில் உங்கள் முறையைச் சில மணி நேரம் தள்ளிவைத்து அன்றே அறுவையை முடித்துவிடுவார்கள். யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. திட்டினாலும் நிமோனியாவைவிட அது மேல்.

கண் திறப்பேனா, நடுவில் விழிப்பேனா

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொடுத்து வலியின்றி அறுவை செய்யலாம் என்று பலர் முன்னிலையில் காட்டினார். அப்போது மூச்சையும் நாடியையும் கவனிக்க மனிதக் கண்ணும் விரலும்தான் இருந்தன. இன்று விரலில் மாட்டும் சிறு கவ்வி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை நொடிக்கு நொடி காட்டுகிறது. வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப், குழாய் நழுவினாலே அடுத்த சில மூச்சுகளில் எச்சரிக்கிறது. நல்ல வசதியுள்ள இடங்களில், ஆரோக்கியமான ஒருவர் திட்டமிட்ட அறுவைக்கு வரும்போது, மயக்க மருந்தே நேரடிக் காரணமாக உயிரிழப்பு நேர்வது ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. முதுமை, கடுமையான இதய நோய், அவசர அறுவை ஆகியவற்றில் ஆபத்து கூடும். உங்கள் நிலையில் ஆபத்து எவ்வளவு என்று கேட்டால் மருத்துவர் சொல்வார். பொதுவான எண்ணைவிட அந்தப் பதில்தான் உங்களுக்குரியது.

பாதியில் விழித்துவிடும் பயம் அதைவிடப் பரவலானது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தி 2014இல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, முழு மயக்கத்தின்போது தன்னுணர்வு வந்ததாக நோயாளிகள் தெரிவித்தது ஏறத்தாழ 19,000 பேரில் ஒருவர்தான். முழு மயக்கத்தில் செய்யும் சிசேரியனில் இது ஏறத்தாழ 670 பேரில் ஒருவர் என்று கூடுதலாக இருந்தது. இந்த நிகழ்வுகளில் பெரும்பாலானவை மயக்கம் தொடங்கும்போதோ தெளியும்போதோ சில நிமிடங்களுக்குள் நடந்தவை; எல்லாருக்கும் வலி தெரிந்ததும் இல்லை. உங்களுக்கு முன்பு அப்படி நேர்ந்திருந்தால் அதை முதல் வேலையாகச் சொல்லுங்கள். மூளையின் மின்னலைகளைப் பார்த்து மயக்கத்தின் ஆழத்தைக் கணிக்கும் கருவியைப் பயன்படுத்துவது உள்பட, கூடுதல் கவனம் எடுத்துக்கொள்வார்கள். இப்போது அப்படி நேர்ந்தால், கனவாக இருக்கும் என்று பிறர் சொல்வதைக் கேட்டு அடக்கிக்கொள்ள வேண்டாம். மயக்கவியல் மருத்துவரைக் கூப்பிட்டு நினைவில் இருப்பதை எல்லாம் சொல்லுங்கள்.

உளறிவிடுவேனோ என்ற கவலைக்குச் சுருக்கமான பதில்: முழு மயக்கத்தில் பேசவே முடியாது. மருந்து ஏறும்போதும் தெளியும்போதும் சிலர் இரண்டொரு வார்த்தை முணுமுணுப்பார்கள். அதைக் கேட்பவர்களும் மருத்துவ இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர்களே.

குழந்தையின் மூளையைப் பாதிக்குமா என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலாகவோ பலமுறையோ மயக்கம் கொடுப்பது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரே ஒருமுறை முழு மயக்கம் பெற்ற குழந்தைகளை, விழித்த நிலையில் மரத்துப்போகும் ஊசியுடன் அறுவை செய்துகொண்ட குழந்தைகளுடன் 5 வயதில் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. அறிவுத்திறனில் வேறுபாடு காணப்படவில்லை. குடலிறக்கம் போன்ற குறுகிய அறுவைக்கு அஞ்சித் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. நீண்ட அறுவையாக இருந்தால், சற்று வளர்ந்த பிறகு செய்யலாமா என்று கேட்பதில் தவறில்லை. குழந்தையிடம் ‘ஊருக்குப் போகிறோம்’ என்று ஏமாற்றி மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள். தூங்க வைப்பார்கள், எழும்போது அம்மா பக்கத்தில் இருப்பேன் என்று உண்மையைச் சொன்னாலே போதும்.

முதுகு ஊசியும் முதுகுவலியும்

எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் போட்ட ஊசியைத் தம் இடுப்புவலிக்கு இன்றும் காரணமாகச் சொல்பவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். அவர்களுடைய வலி உண்மை. காரணம்தான் பெரும்பாலும் வேறு. ஊசி குத்திய இடத்தில் சில நாள்கள் வலிக்கலாம். நெடுநாள் முதுகுவலியை இந்த ஊசி உண்டாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கருவுற்ற மாதங்களில் தளர்ந்த தசைநார்கள், பிரசவத்துக்குப் பின் குனிந்து நிமிர்ந்து குழந்தையைத் தூக்கும் வேலை, முன்பே இருந்த தட்டுத் தேய்மானம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

தண்டுவடத்தில் குத்திவிட்டால் என்ன ஆகும் என்பது மற்றொரு பயம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்புகளை ஒட்டியே முடிந்துவிடும். ஊசி போடுவதோ அதற்கும் கீழே, நரம்பிழைகள் நீரில் மிதக்கும் பகுதியில். பிரிட்டனில் 2009இல் வெளிவந்த ஆய்வு, ஸ்பைனல், எபிடியூரல் வகை ஊசிகளால் நிரந்தரப் பாதிப்பு நேர்வது 23,500க்கு ஒன்று முதல் 50,500க்கு ஒன்று வரை இருக்கலாம் என்று கணித்தது. ஊசி போடும்போது காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் அசையாமல் வாயால் சொல்லுங்கள். மருத்துவர் உடனே ஊசியைச் சரிசெய்வார். முதுகைப் பூனைபோல் வளைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, தோள்களைத் தளரவிட்டு உட்கார்வதுதான் உங்கள் பங்கு. வேலை அதனால் பாதியாகிவிடும்.

அந்த அறைக்குள்

அறுவை அரங்கு குளிராக இருக்கும், போர்வை கேட்கலாம். நெஞ்சில் ஒட்டுகள், விரலில் கவ்வி, கையில் சில நிமிடங்களுக்கொருமுறை தானாக இறுகித் தளரும் பட்டை. பிளாஸ்டிக் வாடை வீசும் முகமூடியை மூக்கின்மேல் பிடித்து நன்றாக மூச்சிழுக்கச் சொல்வார்கள். அதில் வருவது பெரும்பாலும் ஆக்சிஜன்தான். பிறகு பால்போல் வெண்மையான புரோபோஃபால் என்ற மயக்க மருந்து இரத்தக்குழாயில் ஏறும்போது முன்கையில் சுள்ளென்று எரியலாம். அந்த எரிச்சல் முழங்கையைத் தாண்டுவதற்குள் கூரை விளக்கு மங்கிவிடும். அடுத்து உங்களுக்குத் தெரிவது ரெகவரி அறையில் யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல். இடைப்பட்ட நேரம் இருந்ததாகவே தோன்றாது. நகப்பூச்சு, உதட்டுச்சாயம், கான்டாக்ட் லென்ஸ், நகைகள் எதுவும் அன்று வேண்டாம்.

விழித்த பிறகு

தொண்டைக் கரகரப்பு குழாயால் வருவது. ஓரிரு நாளில் போய்விடும். பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம் வரலாம். அது காய்ச்சலாக இருக்க வேண்டியதில்லை, வெதுவெதுப்பான போர்வையில் அடங்கிவிடும்.

குமட்டலும் வாந்தியும் வலியைவிடத் தொல்லை என்று சொல்பவர்கள் உண்டு. தடுப்பு மருந்து இல்லாவிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வரும். பெண்கள், புகைபிடிக்காதவர்கள், பேருந்துப் பயணத்தில் வாந்தி எடுப்பவர்கள், அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். எனவே “எனக்குப் பயணத்தில் வாந்தி வரும்” என்ற ஒரு வாக்கியத்தை முன்பே சொல்லிவைப்பது பயன்தரும். டெக்சாமெத்தசோன், ஓன்டான்செட்ரான் போன்ற வாந்தித் தடுப்பு மருந்துகளை அறுவையின்போதே கொடுத்துவிடலாம்.

வலியைப் பொறுத்துக்கொள்வதில் வீரம் எதுவும் இல்லை. வலியால் ஆழமாக மூச்சிழுக்கவும் இருமவும் அஞ்சுபவரின் நுரையீரலில் சளி தேங்கும். எழுந்து நடக்க அஞ்சுபவரின் கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையலாம். ஒன்றிலிருந்து பத்து வரை எத்தனை என்று செவிலியர் கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். சில நாள்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கும் வலிமருந்தால் அடிமையாகிவிடுவோம் என்று அஞ்சித் தவிர்க்க வேண்டாம். வலி குறையக் குறைய அதையும் குறைத்துவிடலாம்.

முதுகு ஊசிக்குப் பின் கால் உணர்வு சில மணி நேரத்தில் திரும்பும். முதல்முறை எழும்போது தனியாக எழக் கூடாது. சிறுநீர் வெளியேறத் தாமதமாகலாம். 6 மணி நேரம் கடந்தும் வரவில்லை என்றால் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்தால் தலையைப் பிளந்து, படுத்தால் அடங்கும் தலைவலி ஓரிரு நாளில் தொடங்கினால், ஊசித் துளை வழியே தண்டுவட நீர் கசிவதாக இருக்கலாம். தலையணை இல்லாமல் படுத்தே கிடந்தால் இது வராது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வலிமருந்தாலும் போதிய நீராலும் குறையாவிட்டால், உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் இரத்தம் எடுத்து அதே இடத்தில் செலுத்தி அடைக்கும் சிகிச்சை நன்றாகப் பலனளிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வாரக்கணக்கில் தாங்க வேண்டியதில்லை.

முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் முதல் சில நாள்களில் தாம் எங்கே இருக்கிறோம் என்பதே புரியாமல், ஊசிக் குழாயைப் பிடுங்க முயன்று, மகனையே யாரென்று கேட்கும் தாயைக் கண்டு குடும்பம் நிலைகுலைந்துபோகும். பெரும்பாலோருக்கு இந்தக் குழப்பம் நாள்களில் தெளிந்துவிடும். சிலருக்கு மறதி வாரக்கணக்கில் நீடிக்கலாம். தொற்று, வலி, நீர்க்குறைவு, சிறுநீர் அடைப்பு போன்ற தூண்டுதல்களை மருத்துவர் தேடுவார். நீங்கள் செய்யக்கூடியவை எளியவை: கண்ணாடியையும் காதுக் கருவியையும் விழித்ததுமே அணிவியுங்கள், பழகிய முகம் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும், இன்று என்ன கிழமை, இது என்ன இடம் என்று அமைதியாக அடிக்கடி சொல்லுங்கள், இரவில் விளக்கை அணைத்துத் தூங்க விடுங்கள். அவர் சொல்லும் பிழைகளுக்காக வாதாடவோ அதட்டவோ வேண்டாம்.

வீடு திரும்பிய முதல் நாள்

தெளிவாகப் பேசுகிறோம், நடக்கிறோம் என்பதாலேயே மருந்து முற்றிலும் நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. குறைந்தது 24 மணி நேரம் வண்டி ஓட்டுதல், மது, கூரிய கருவிகளுடன் வேலை, பத்திரங்களில் கையெழுத்து ஆகியவற்றைத் தவிருங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பாலூட்டும் தாய், நன்றாக விழித்துக் குழந்தையைப் பிடிக்கும் தெம்பு வந்ததும் பாலூட்டலாம். வழக்கமான மயக்க மருந்துகளுக்காகப் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. பலருக்கும் சொல்லப்படாத செய்தி ஒன்று: தசைத்தளர்ச்சியை மாற்ற சுகமாடெக்ஸ் என்ற மருந்தைக் கொடுத்திருந்தால், கருத்தடை மாத்திரையின் வலு குறையும் என்பதால், 7 நாள்களுக்கு வேறு தடுப்பு முறையும் தேவை. அதைக் கொடுத்தார்களா என்று கேட்டுவிடுங்கள்.

கையில் பிளாக் போட்டுக்கொண்டவருக்கு அந்தக் கை 12 முதல் 24 மணி நேரம் வரை தன்னுடையதாகவே தோன்றாது. கழுத்தில் மாட்டிய தூளியிலிருந்து நழுவித் தொங்கினாலும், சூடான பாத்திரத்தில் பட்டாலும், கதவிடுக்கில் சிக்கினாலும் தெரியாது. ஆகவே கண்ணால் பார்த்தே காக்க வேண்டும். மாலையில் வலியே இல்லை என்று மாத்திரையை விட்டுவிட்டுத் தூங்குபவர், நள்ளிரவில் மருந்து விட்டதும் தாங்க முடியாத வலியுடன் எழுந்து உட்காருவார். விரல் நுனியில் குறுகுறுப்பு தொடங்கும்போதே, வலி வருவதற்கு முன்பே, முதல் மாத்திரையை எடுத்துவிட வேண்டும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், நிற்காத வாந்தி, திரும்பி வராத உணர்வு அல்லது பலவீனம், முதுகு ஊசிக்குப் பின் சிறுநீரோ மலமோ கட்டுப்பாடிழத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திராமல் மருத்துவமனையை அழையுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு தாளையும் கேட்டு வாங்குங்கள். எந்த வகை மயக்கம் கொடுத்தார்கள், குழாய் வைப்பது கடினமாக இருந்ததா, எந்த மருந்துக்காவது ஒவ்வாமை வந்ததா, வாந்தி எவ்வளவு இருந்தது என்பவற்றை மயக்கவியல் மருத்துவர் நாலு வரியில் எழுதித் தருவார். அதை மருத்துவக் கோப்பில் முதல் தாளாக வைத்து, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். பரம்பரையாக வரக்கூடிய சிக்கல் என்று அதில் எழுதியிருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதன் நகல் போய்ச் சேர வேண்டும். அடுத்த முறை நள்ளிரவில், வேறோர் ஊரில், பேச முடியாத நிலையில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான்.